அடிமட்டத்தால் அளந்த தூரம்

...பன்னிரண்டு இல்லை, இன்றைக்குப் பதினொன்றுதான், தங்கச்சி நகுலாவின் குரலைக் கேட்டுப் பதினொரு நாள், ஜீவரத்தினம் விரல் விட்டு எண்ணிவிட்டு மேசையில் கிடந்த வரைபடத்துக்குத் திரும்பினான், பன்னிரண்டு மணிக்குள் லண்டன் சவுத்தாலில் மா அரைக்கும் மாவாலைக்குப் பதில் சொல்ல வேண்டும், மின்சாரப் பெட்டியை எங்கே வைப்பது, இரண்டு வரிப் பதில், மண்டை ஓடினால்தானே! ஒரே வயர், செய்தி போவதும் அதிலே, இருபத்துநாலு வோல்ற்று மின்சாரம் போவதும் அதிலே, மா மூட்டைகள் ஓடும் பெல்ட் நெடுகப் பதினாலு சென்சர்கள் அதிலேதான் உயிர் வாழ்கின்றன, யாருடைய கையாவது உள்ளே மாட்டினால் பெல்ட்டை நிறுத்த வேண்டியவை அவைதான், தூரம் கூடக்கூட மின்சாரம் இளைத்துக்கொண்டே போகும், பதினெட்டுக்குக் கீழே இறங்கினால் கடைசிச் சென்சர் மயங்கிவிடும், வாசல் அறையில் பெட்டியை வைத்தால் கடைசிக்கு அறுபத்திரண்டு மீற்றர், அது தாராளம் என்று போன கிழமை அவன்தானே கணக்குப் போட்டுக் கொடுத்தான்... பிறகு ஏன் கடைசிச் சென்சருக்கு உயிர் வரவில்லை? போன கிழமை அவன் எந்த நிலையில் இருந்தான்? ஒரு கண் கணக்கில், ஒரு கண் கைத்தொலைபேசியில்.

போருக்குள் அகப்பட்ட வன்னியில் யாரோ வைத்திருந்த சாட்டலைட் போனில் அவளுக்குக் கிடைத்ததே ஒரு நிமிடம், பின்னால் வரிசையில் ஆட்கள், அண்ணை, இஞ்ச இருக்க ஏலாது, எங்கை போறது எண்டு சொல்லுங்கோ என்றாள், புருசனுக்குக் காலில் காயம், இரண்டு பிள்ளைகள், ஜீவரத்தினம் இங்கே கணினித் திரையில் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு, கடற்கரைப் பக்கம் போ பிள்ளை, ஆறு கிலோமீற்றர்தான், ஒண்டரை மணித்தியாலம் நடந்தால் சரி என்றான், என்ன உறுதி, என்ன தெளிவு, பெரிய தளபதி! இன்று காலையில் போரை நிறுத்தக் கோரும் பதாகையைச் சுருட்டிக்கொண்டு பாராளுமன்றச் சதுக்கத்துக்குப் புறப்பட்ட மனைவி சிவமலர், நீங்களும் வாங்கோவன் என்றாள், வேலை கிடக்கு என்றான், அவளுடைய முகத்தைப் பார்க்கத்தான் பயம்.

தொலைபேசி அடித்தது, நகுலாவோ என்று பாய்ந்து எடுத்தான், ஆனால் கஸ்பர் அண்ணை, ஜெர்மனியில் பதினைந்து வருசம் வயர் இழுத்துவிட்டு இங்கே வந்தவர், மாவாலையில் இருந்து பேசினார். "தம்பி, பிழை பிடிபட்டுட்டுது. உம்மட பேப்பரில அறுபத்திரண்டு. நான் இழுத்தது தொண்ணூற்றேழு. சுவரில ஏறி, தொட்டியைச் சுத்தி, திரும்ப இறங்கவெல்லோ வேணும்? நீர் அடிமட்டத்தை வைச்சு நேர அளந்திருக்கிறீர்." ஐயோ... அடிமட்டம், அந்த அளவுகோல், இப்போதும் கையில்தான் இருந்தது. நேராக, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு. அன்றைக்கும் திரையில் அதையேதான் வைத்து அளந்தான், கடற்கரை வரைக்கும், ஆறு கிலோமீற்றர், அதில் ஏரி எங்கே, உடைந்த பாலம் எங்கே, காயக்காரனைத் தூக்கிக்கொண்டு அவள் எத்தனை தரம் சுற்றியிருப்பாள்...

"நடந்ததை விடும். பெட்டியை நடுவுக்குக் கொண்டு போகவோ? சொல்லும், வைக்கிறன்." நடுவில் என்று சொல்ல வாயெடுத்தவன் அடிமட்டத்தை மேசையில் வைத்தான். "நான் வாறன் அண்ணை, நடந்து பாத்திட்டுச் சொல்லுறன்," என்றான். நடந்து பார்க்கலாம், மாவாலை சவுத்தாலில்தானே இருக்கிறது... பதினொரு நாளாகத் தான் சொன்னதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருந்தான், அவள் கேட்டதை நினைக்கவில்லை, இப்போதுதான் காதில் விழுகிறது, போன் அறுவதற்கு முன்னால், அண்ணை, அந்தப் பாதை உங்களுக்குத் தெரியுமோ? பருத்தித்துறையில் பிறந்து இருபது வயதில் லண்டனுக்கு வந்தவன், வன்னிப் பக்கம் ஒருநாளும் கால் வைத்ததில்லை, தெரியாது என்று சொல்லியிருக்கலாமே, மூத்தவன், லண்டன்காரன், அந்த ஒரு சொல்லுக்கு வாய் வரவில்லையே... ஓம் என்றான். அவளும், அப்ப சரி அண்ணை என்றாள்.

"தம்பி, கேக்குதோ?" என்றார் கஸ்பர் அண்ணை.