பதினாறாம் அத்தியாயம்

பொழிச்சலூர் கரீம் பதினைந்து மாத நாவல்களும் நாற்பது சொச்சம் சிறுகதைகளும் எழுதியவர். எல்லாம் ராக்கெட், வேற்றுக்கிரகம், யந்திர மனிதன் வகையறா. பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் எலெக்ட்ரீஷியனாக இருந்துகொண்டே இத்தனையும் எழுதினார். தலைக்கு மேலே விமானம் இறங்குகிற ஊரில் குடியிருப்பவன் ஆகாயத்தைப் பற்றி எழுதாமல் வேறு எதைப் பற்றி எழுதுவான் என்று கேட்பார்.

ஒரே குறை, கையெழுத்து. கோழி கிளறியது போல இருக்கும். ஆகவே கல்யாணமான வருஷத்திலிருந்து அவர் கிறுக்கியதை மனைவி நூர் பீவிதான் நல்ல பிரதி எடுத்துக் கொடுப்பாள். அவளுடையது முத்து முத்தான எழுத்து. அவள் எடுத்த பிரதியை கரீம் ஒரு தடவைகூடத் திரும்பப் படித்ததில்லை. அப்படியே உறையில் போட்டு ஒட்டிவிட்டு, தன் கிறுக்கலைக் கிழித்து எறிந்துவிடுவார். எழுதியதைத் திரும்பப் படிப்பது ஆறிப்போன டீயைச் சுடவைத்துக் குடிப்பது போல என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது அறுபத்தேழு வயதில்தான் அவருக்குத் தெரிந்தது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் ஜெரூஷா ஒரு நாள் வீடு தேடி வந்தாள். அவருடைய 'நட்சத்திரத்தில் நைட் ஷிஃப்ட்' நாவலை மறுபதிப்பு போட வேண்டுமாம். ஒருவன் விண்வெளிக்கு வேலைக்குப் போகிறான். அவனுக்கு மூன்று வருஷம் கழிவதற்குள் பூமியில் முப்பது வருஷம் ஓடிவிடுகிறது. திரும்பி வந்து தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். உள்ளே யாரோ நடந்து வரும் சத்தம் கேட்கிறது. முற்றும்.

"அந்த முடிவுக்காகத்தான் சார் இன்னிக்கும் எல்லாரும் இந்தக் கதையைப் பேசறாங்க" என்றாள் ஜெரூஷா.

கரீமுக்குச் சுருக்கென்றது. அது அவர் எழுதிய முடிவே இல்லை. பதினாறாவது அத்தியாயம் ஒன்று இருந்தது. அதில் கதவு திறக்கும். மனைவி இறந்து பதினோரு வருஷம் ஆகியிருக்கும். நாயகன் இரண்டு பக்கம் அழுவான். ஆறு ஃபாரத்தில், அதாவது தொண்ணூற்றாறு பக்கத்தில், நாவலை அடக்க வேண்டிய பத்திரிகை ஆசிரியர் பொன்னுசாமி அதை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் விளம்பரம் போட்டுவிட்டார்.

இது முப்பத்து மூன்று வருஷத்துக் கோபம். அந்த நாவலைத் தபாலில் சேர்த்த மறு வாரம் கரீம் வேலைக்கு சவூதியில் தம்மாம் போய்விட்டார். புத்தகம் அங்கே கைக்கு வந்து, கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் பொன்னுசாமிக்குக் காறித் துப்பாத குறையாக ஒரு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. தப்புப் பண்ணியவன் எப்படி வாயைத் திறப்பான் என்று முடிவு கட்டிக்கொண்டார். ஊர் திரும்பியும் ஒன்பது வருஷம் பேனாவைத் தொடவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் பொன்னுசாமி காலமானபோது, துக்கத்துக்குக்கூடப் போகவில்லை.

ஜெரூஷாவிடம் அவர் இரண்டு நிபந்தனை போட்டார். பதினாறாம் அத்தியாயம் சேர வேண்டும். அதை வெட்டியவர் யார் என்று முன்னுரையில் வர வேண்டும். அவள் முகம் சின்னதாகிவிட்டது. சரி சார், அத்தியாயத்தைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதினார். இந்தத் தடவை நாயகன் மூன்று பக்கம் அழுதான். வழக்கம்போல நூர் பீவியிடம் கொடுத்தார். இரண்டு நாளில் முடிக்கிறவள், நாலு நாளாகியும் மூடி திறக்காத பேனாவோடு அதை மேஜையிலேயே வைத்திருந்தாள். ஐந்தாம் நாள் அசர் தொழுது முடித்து வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"என்னால முடியலைங்க. அன்னிக்கும் எழுதல, இன்னிக்கும் எழுத முடியாது."

கரீமுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது.

"விசா வந்து பொட்டி கட்டி வெச்சிருந்தீங்க. நம்ம பொண்ணு ஃபாயிசாவுக்கு மூணு வயசு. புருஷன் தூரமாப் போயிருக்கறப்ப பொண்டாட்டி மவுத்தாயிட்டான்னு, அத என் கையாலயே எழுதணுமா? கதவு வரைக்கும் வந்துட்டாருல்ல, அது போதும்னு முற்றும் போட்டுட்டேன்."

அவள் மேலும் சொன்னாள். கரீமின் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு பொன்னுசாமி ஒரு மத்தியானம் இந்த வீட்டுக்கே வந்தாராம். கையில் அவள் எழுதிய பிரதிக் கட்டு. அவள் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாளாம். டீயைக் குடித்துவிட்டு அவர் சொன்னது அவளுக்கு இன்னும் அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருந்தது.

"நீ இன்னாத்துக்கும்மா பேஜாராவற? முடிவு ஷோக்கா கீது. வெளியூர்ல கீற மனுசன், அவராண்ட சொல்லிக்காத. நான் வெட்டுனதாவே இருக்கட்டும்."

கரீமுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? பேனாவைத் தொடாமல் கிடந்த ஒன்பது வருஷம் என்பது கொஞ்சமா? ஊர் திரும்பிய பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். பொன்னுசாமி பேரை எடுத்தாலே நீங்கள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவீர்களே, எப்போது சொல்வது என்று அவள் திருப்பிக் கேட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியைச் சுமந்தவர் சுமந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தத் துக்க வீட்டுக்குப் போகாததை நினைத்தபோதுதான் கரீம் அழுதார். தன் நாயகன் அளவுக்கு இல்லை. ஆனால் இது நிஜம்.

மறுநாள் பதினாறாம் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு முன்னுரை எழுதினார். பொன்னுசாமி வெட்டினார் என்று இத்தனை வருஷம் தான் சொல்லித் திரிந்தது பொய் என்றும், அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை வாசகர்களிடம் கேட்பதாகவும் எழுதினார். கடைசியில் இரண்டு வரி சேர்த்து நூர் பீவியிடம் கொடுத்தார்.

அன்று மாலையே பிரதி வந்துவிட்டது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அதை அவர் படித்துப் பார்த்தார். கடைசி இரண்டு வரி இல்லை. மன்னிப்போடு முடித்து, அழகாக ஒரு கோடு இழுத்திருந்தாள். கரீம் சிரித்துக்கொண்டார். பேனாவை எடுத்து, கோட்டுக்குக் கீழே தன் கையாலேயே அந்த இரண்டு வரியை எழுதி, போட்டோ பிடித்து ஜெரூஷாவுக்கு அனுப்பினார்.

அரை மணியில் அவளிடமிருந்து போன் வந்தது.

"எல்லாம் தெளிவா இருக்கு சார். கடைசி ரெண்டு வரி மட்டும் சுத்தமாப் படிக்க முடியல. கொஞ்சம் சொல்றீங்களா, டைப் பண்ணிக்கறேன்."

கரீம் சமையலறைப் பக்கம் பார்த்தார். உள்ளே நூர் பீவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கூரையை உரசுகிற மாதிரி ஒரு விமானம் இறங்கியது. அது போய் ஓயும்வரை பொறுத்திருந்து, பிறகு உரக்கவே சொன்னார்.

"எழுதிக்கம்மா. இந்தக் கதையை எங்கே முடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவள் என் மனைவி நூர் பீவி, முடித்ததும் அவள்தான்."

உள்ளே குழாய் நின்றது. சமையலறையிலிருந்து அவள் நடந்து வரும் சத்தம் கேட்டது.