புகை போடாத வீடு

மகன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட வீட்டில், புகை காட்டி அவன் ஆவியை வழியனுப்பாமல் நோரீன் எப்படிப் படுப்பாள்? பூர்வகுடிகளின் அந்தச் செம்மண் குடியிருப்பின் மறுகோடியில், தங்கை வீட்டு முற்றத்தில் குடும்பமே மெத்தை விரித்துக் கிடந்தது. செத்தவன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது வழக்கம்; அவர்கள் யாரும் அதை உச்சரிக்கவில்லை. வீட்டை வாடகைக்கு விட்டிருந்த அரசு வீட்டுவசதி அலுவலகம்தான் ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயரைச் சொல்லி, "புகை போட இன்னும் அனுமதி வரவில்லை" என்றது.

அவள் பொறுமை இழந்தாள். யூகலிப்டஸ் தழையும் தகர டின்னுமாகச் சனங்கள் வாசலில் கூடியபோது, அந்த அலுவலகத்து ஊழியன் கிராண்ட் தன் காரிலிருந்து இறங்கி ஓடி வந்தான்.

"உள்ள புகை போடாதீங்கம்மா. அலாரம் கத்தும், தீயணைப்பு வண்டி வந்துடும்."

"எம்புள்ள போன அன்னிக்கு ஆம்புலன்ஸே வரல. இதுக்கு வண்டி வந்துடுமாக்கும்!"

"அடுத்த வாரம் பேசி..."

"எத்தன அடுத்த வாரம் தம்பி?"

சாவுக்குப் பிறகு வாயே திறக்காத அவள் கணவன் கிளாரி, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினான். கூரையிலிருந்த புகை அலாரத்தைத் திருகிக் கழற்றி கிராண்டின் கையில் வைத்தான்.

"பிடிச்சுக்கோ. கத்துச்சுன்னா நீயே சமாதானம் பண்ணு."

யாரோ சிரித்துவிட்டார்கள். நோரீனின் அண்ணன் புகையும் டின்னைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடக்க, பெண்கள் ஓலமிட்டபடி பின்னால் போனார்கள். மகனின் அறை வாசலில் நோரீன் நின்றுவிட்டாள். கிளாரி அவள் முதுகில் கை வைத்தான். இருவரும் புகைக்குள் நுழைந்தார்கள்.

மாலையில் மெத்தைகள் வீடு திரும்பின. ஆத்திரம் ஆறாமலே நோரீன் அங்கே படுத்தாள், தூங்கியும் போனாள்.