துலக்கிய காசுகள்

கெயில் சமையலறைக்குள் நுழைந்தபோது அம்மா தெல்மா தொட்டிக்கு மேல் குனிந்து நின்று, பழைய பல் பிரஷ்ஷால் எதையோ கரகரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை சமையல் சோடா. அடக்கத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. கறுப்புக் கவுனுக்கு மேலே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு இந்நேரத்தில் என்ன பாத்திரம் தேய்க்கிறாள் என்று எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பாத்திரம் இல்லை. அப்பாவின் காசுகள்.

"பாரு, இன்னிக்குத்தான் அடிச்சு வந்த மாதிரி இல்ல?" என்றாள் தெல்மா. ஒரு செப்புக் காசைத் தண்ணீரில் அலசித் துண்டின்மேல் வைத்தாள். அது புதுக் குழாய் மூடி மாதிரி மின்னியது.

"எல்லாத்தையுமாம்மா தேச்சுட்டே?"

"இதுதான் கடைசி. முப்பது வருஷமா இந்தக் குளிர்காலத்துல உக்காந்து சுத்தம் பண்ணிடறேன், சுத்தம் பண்ணிடறேன்னு சொல்லிட்டே இருந்தாரு உங்கப்பா. பண்ணாமலே போயிட்டாரு. நான் முடிச்சுட்டேன்."

 அப்பா ஆரின் சுத்தம் செய்வதாகச் சொன்னது இப்படி இல்லை. நிலவறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒரு காசுக்கு ஒரு மாதம் என்று, முள் முனையால் மண்ணைத் துளித்துளியாக எடுப்பதைத்தான் அவர் சுத்தம் என்பார். இருநூறு வருடம் மண்ணில் கிடந்த செம்புக்குப் பச்சையும் பழுப்புமாக ஒரு தோல் படிந்திருக்கும். வருடம், எழுத்து, முகம் எல்லாம் அந்தத் தோலில்தான் நிற்கும். அதைத் தேய்த்தால் அப்புறம் வெறும் தகடு. சின்ன வயதில் ஒருநாள் அவருடன் காசு தேடக் காட்டுக்குப் போன கெயில், கிடைத்த காசைப் பாவாடையில் துடைத்துவிட்டாள். அவர் அவளைத் திட்டியது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான். தெல்மாவிடம் மட்டும் காரணம் எதுவும் சொன்னதில்லை. தொடாதே என்பார், அவ்வளவுதான். முழங்கால் வலிக்காரி, நிலவறைப் படியில் இறங்கவா போகிறாள் என்று விட்டிருப்பார். சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா இந்த மனிதர் என்று கெயிலுக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது.

வாயைத் திறந்தாள். அப்போதுதான் அடுப்பு மேடையில் ஒரு தட்டு கண்ணில் பட்டது. பாதி ரொட்டி கடித்திருந்தது. செவ்வாய்க்கிழமை அவர் போனதிலிருந்து தெல்மா பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் கிடந்தவள். இன்று சாப்பிட்டிருக்கிறாள்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா," என்றாள் கெயில்.

சர்ச் கூடத்தில் ஒரு மேஜை போட்டு எல்லாக் காசையும் பரப்பி வைக்கப் போவதாகத் தெல்மா சொன்னாள். அவருடைய கூட்டாளிகள் வருவார்கள், பார்க்கட்டும், பார்த்தால் அசந்துபோவார்கள் என்றாள். அசந்துதான் போவார்கள்.

கெயில் வாசலில் நின்ற காருக்குள் போய் உட்கார்ந்து கிளிஃபுக்கு போன் போட்டாள். மண்ணைத் தோண்டிப் பழங்காசு தேடுகிறவர்களின் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.  விஷயத்தைக் கேட்டதும், "எல்லாமா? அந்தப் பெரிய செப்புக் காசுகளுமா?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டார். எல்லாம்தான் என்றாள். யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, அம்மாவுக்குத் தெரிந்தால் இடிந்துபோய்விடுவாள் என்றும் சொன்னாள். மற்றவர்களிடம் தான் சொல்லிவிடுவதாகக் கிளிஃப் ஏற்றுக்கொண்டார். ஆனால் ஹாலிஸை மட்டும் தன்னால் பிடிக்க முடியாது என்றார். அந்த ஆளிடம் செல்போன் கிடையாது. வீட்டு போன் அடித்தாலும் எடுக்க மாட்டார்.

கெயில் பயந்ததும் ஹாலிஸுக்குத்தான். தெல்மாவோடு ஒரே வகுப்பில் படித்தவர், முப்பது வருடமாக ஆரினோடு காடு சுற்றியவர். நாக்கில் தேன் தடவிப் பேசத் தெரியாத ஆள். கல்யாண வீட்டில் மணப்பெண்ணிடமே கேக் காய்ந்துபோயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தவர். செவ்வாய்க்கிழமையும் இரண்டு பேரும் மலைமேல் ஒரு பழைய பண்ணையில்தான் இருந்தார்கள். வீடு என்றோ போய்விட்டது. கல் கட்டிய நிலவறைக் குழியும் வாசலில் நின்ற லைலாக் பூப்புதரும்தான் மிச்சம். ஆரின் காதில் உலோகம் தேடும் கருவியின் ஹெட்போனோடு மண்டியிட்டுத் தோண்டியவர் அப்படியே முன்னால் சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் போன பிறகு, ஆரின் தோண்டிய குழியை மூடி, வெட்டி எடுத்த புல்லை மேலே வைத்து மிதித்துவிட்டுத்தான் ஹாலிஸ் மலையை விட்டு இறங்கினாராம். தோண்டிய குழியைத் திறந்து போடக் கூடாது என்பது இவர்களுக்கு வேதம். அதைக் கேட்டபோது கெயிலுக்கு, என்ன மனுஷன் இவர் என்றிருந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் சர்ச்சின் கீழ்க் கூடத்துக்கு வந்தார்கள். ஒரு பக்கம் பன்றித்தொடை சாண்ட்விச், வேகவைத்த பீன்ஸ், காப்பி. இன்னொரு பக்கம் வெள்ளைத் துணி விரித்த மேஜையில் ஆரினின் முப்பது வருடம் பளபளத்துக் கிடந்தது. சங்கத்துக்காரர்கள் ஆறேழு பேர் வரிசையாக வந்தார்கள். சவப்பெட்டியைப் பார்த்தபோதுகூட அந்த முகங்கள் அவ்வளவு வெளிறவில்லை. எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் "நிறைய வேலை பண்ணியிருக்கீங்க" என்றார். இன்னொருவர் துணி நல்ல வெள்ளை என்றார். கிளிஃப் கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொன்னார். கண்ணாடி அவர் நெற்றிமேல் இருந்தது.

தெல்மா ஒன்றும் அசடு இல்லை. ஒரு துருப்பிடித்த பொத்தான் கிடைத்தாலே ஆளுக்கு ஆள் பிடுங்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற கூட்டம் இது. இன்று ஒருத்தரும் ஒரு காசைக் கையில் எடுக்கவில்லை. கெயிலை இழுத்து, "ஏன்டி யாரும் எடுத்துப் பாக்கல?" என்று கேட்டாள். மரியாதைக்காக இருக்கும் என்று கெயில் எதையோ சொல்லி வைத்தாள். தெல்மா அதை நம்பின மாதிரி தெரியவில்லை. மேஜைப் பக்கமே பார்த்துக்கொண்டு, வாங்கிய காப்பியைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஹாலிஸ் கடைசியாக வந்தார். முழங்கால் வரை சேறு. கல்லறைக் குழியை அந்தக் குழிவெட்டும் பையன்கள் ஒழுங்காக மூடவில்லை, நின்று மறுபடி மூட வைத்துவிட்டு வருகிறேன் என்றார். கெயில் அவரைத் தனியாகப் பிடிக்க ஓடினாள். அதற்குள் அவர் மேஜைக்கு வந்துவிட்டார்.

பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, ஒன்றுவிடாமல் பார்த்தார். கழுத்திலிருந்து சிவப்பு ஏறி நெற்றி வரை போனது. 

"யார் பண்ணினது இது?"

"நான்தான்," என்றாள் தெல்மா. எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள். "தப்புப் பண்ணிட்டேனா ஹாலிஸ்? இவங்க யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. உனக்குப் பொய் சொல்ல வராது. நீ சொல்லு."

 கெயில் ஹாலிஸையே பார்த்தாள். தயவுசெய்து, தயவுசெய்து என்று மனத்துக்குள் கும்பிட்டாள். அவர் சட்டென்று திரும்பிப் படியேறி வெளியே போய்விட்டார்.

தெல்மா பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த முகத்தைப் பார்க்கக் கெயிலுக்குத் தைரியம் இல்லை. போனால் போகட்டும், உண்மையைத் தானே சொல்லிவிடலாம் என்று அம்மா பக்கத்தில் முழங்காலிட்டாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மேலே ஹாலிஸின் டிரக் கதவு அறைந்து சாத்தப்படும் சத்தம் கேட்டது.

ஆனால் டிரக் கிளம்பவில்லை. பூட்ஸ் சத்தம் படியிறங்கி வந்தது. ஹாலிஸ் ஒரு சின்னத் தகர டப்பாவைத் தெல்மா முன்னால் நீட்டித் திறந்தார். உள்ளே பஞ்சு. பஞ்சின்மேல் கரும்பச்சையாக ஒரு பெரிய செப்புக் காசு.

கிளிஃப் மூச்சை உள்ளே இழுப்பது கெயிலுக்குக் கேட்டது. சங்கத்தில் அந்தக் காசைத் தெரியாதவர்கள் கிடையாது. இந்த வெர்மான்ட் மாநிலம், அமெரிக்காவோடு சேருமுன், தனி நாடாக இருந்த காலத்தில் அடித்தது. ஒரு பக்கம் மலைமேல் எழும் சூரியன், கீழே ஒரு கலப்பை. அருங்காட்சியகத்திலிருந்து ஆள் வந்து கேட்டும் ஹாலிஸ் கொடுக்கவில்லை. பத்து வருடமாக அந்த டப்பா அவர் டிரக்கை விட்டு இறங்கியதில்லை. ஆரினுக்குக்கூடத் தொட அனுமதி கிடையாது.

"தெல்மா, இதையும் தேச்சுக் குடு," என்றார்.

தெல்மா காசைப் பார்த்தாள். பிறகு ஹாலிஸின் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"நெஜமாத்தான் சொல்றியா?"

"நான் என்னிக்குப் பொய் சொன்னேன்?"

அவள் எழுந்தாள். சர்ச் சமையலறையின் அலமாரியில் சோடா டப்பா இருந்தது. பிரஷ் கிடைக்கவில்லை, பாத்திரம் தேய்க்கும் நார்தான் கிடைத்தது. ஹாலிஸ் கோட்டைக் கழற்றிப் போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக் குழாயைத் திறந்து பிடித்துக்கொண்டார். சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்றார்கள். தொட்டித் தண்ணீர் பச்சையாக ஓடியது. முதலில் சூரியன் பளிச்சென்று வெளியே வந்தது. அப்புறம் மலை மழுங்கியது. கலப்பை இருந்த இடம் வெறும் செம்பாக வழவழத்தது.

தெல்மா கையை நிறுத்தினாள்.

"போதுமா ஹாலிஸ்?"

"இன்னும் கொஞ்சம் தேய்," என்றார் அவர்.