வெறுமையாய் விட்ட வியாழக்கிழமை

ஊசிமலைத் தோட்டத்துக் கண்டாக்கு முத்துலிங்கம் டயறி இல்லாமல் வெளியே இறங்கிய நாளே கிடையாது. மலையில் நடக்கும் வேலைகளை மேற்பார்வை பார்ப்பது அவருடைய உத்தியோகம். எந்த மலையில் கொழுந்து, எங்கே செடியை வெட்டிவிடும் கவ்வாத்து, எந்தத் தண்ணீர்க் காணில் மண் அள்ள வேண்டும் என்று மறுநாள் வேலை முழுவதையும் முதல்நாள் சாயங்காலமே அந்த நாளுக்குரிய பக்கத்தில் எழுதிவிடுவார். முடிந்த வேலையின் மேல் ஒரு கோடு விழும். முடியாதது அடுத்த பக்கத்துக்கு ஏறும். இறம்பொடைக் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்த இப்றாஹிம் நானா வருஷப் பிறப்பன்று கொடுக்கிற தடித்த டயறி அது.

"எங்க ஐயா தும்முறதுன்னாலும் டயறியப் பாத்துட்டுத்தான் தும்முவாரு" என்று கங்காணி சிவசாமி, விடியற்காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் சொல்லிச் சிரிப்பார். அது காதில் விழுந்தாலும் முத்துலிங்கத்துக்குக் கோபம் வராது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

வீடு அந்த டயறிக்குள் வந்ததில்லை. வர வேண்டிய தேவையும் இருக்கவில்லை. வெளுத்த சட்டை ஆணியில் தொங்கும். பசிக்கிற நேரத்தில் சோறு இருக்கும். மாடு கறந்திருக்கும், பிள்ளைகள் குளித்திருப்பார்கள். இதெல்லாம் அடுப்படிக்குள் தானாக நடக்கிற காரியம் என்பது போலவே பத்துப் பன்னிரண்டு வருஷம் அவர் குடும்பம் நடத்தியிருந்தார்.

அறுபத்தோராம் வருஷம் தைப்பொங்கல் முடிந்த வாரம், அவர் மனைவி நாகலெட்சுமி மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் குடத்தை நிறைத்து இடுப்பில் ஏற்றும்போது பாசி வழுக்கி விழுந்தாள். குடம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். தோட்டத்து லொறியில் மெத்தையைப் போட்டு, அவளைக் கிடத்தி, வளைவுக்கு வளைவு அவள் முனகுவதைக் கேட்டபடி நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தது. காலை உயர்த்திக் கட்டி, நுனியில் எடையைத் தொங்கவிட்டு, "மூன்று மாதம் அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டார் டொக்டர்.

முத்துலிங்கம் இரண்டு பெண் பிள்ளைகளோடு வீட்டுக்குத் திரும்பினார். மூத்தவள் தவமணி பள்ளிக்கூடம் போகிறவள். இளையவள் கமலிக்கு நாலு வயது.

அதன் பிறகு வந்த வாரம் பகைவருக்கும் வரக் கூடாத வாரம். பனியில் விறகு நனைந்து அடுப்பு புகைந்தது. கறக்காத மாடு மடி கட்டிக்கொண்டு கத்தியது. தோட்டத்தில் அரிசி அளந்து போடும் நாளை மறந்துபோய், பக்கத்து வீட்டில் கடன் கேட்கத் தவமணியை அனுப்பினார். கமலிக்குக் காய்ச்சல் அடித்தது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்துக்கு ஓடிய அன்றுதான் தவறணையில், அந்த நாற்றுமேடையில், தண்ணீர் ஊற்றச் சொல்ல மறந்தார்.

தவறணை அந்த வருஷம் அவர் பொறுப்பில் விட்டிருந்த பெரிய வேலை. கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுவதற்கு, தண்டு வெட்டி வேர்விடப் பாத்தி பாத்தியாக ஊன்றி, மேலே பந்தல் போட்டுக் கைக்குழந்தைகளைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழையில்லாத தை வெயில் வேறு. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வந்து, சப்பாத்து நுனியால் பாத்தி மண்ணைத் தட்டினார்.

"கண்டாக்கு, இது தவறணையா, செங்கல் சூளையா?"

துரை போன பிறகு முத்துலிங்கமே பூவாளியைத் தூக்கிக்கொண்டு ஆட்களோடு பொழுது சாயும்வரை தண்ணீர் ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கட்டிலில் கிடந்த நாகலெட்சுமி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னங்க, மூஞ்சி இப்பிடி வாடிக் கெடக்கு? படுத்திருக்கிறது நானா, நீங்களா?"

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அரிசி, மாடு, காய்ச்சல், செங்கல் சூளை. சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததில் எடை கட்டிய கயிறு ஆட, "ஐயோ அம்மா" என்று பல்லைக் கடித்தாள். வலி தணிந்ததும் கேட்டாள்:

"கவ்வாத்துக்கு எழுதுறீங்க, காணுக்கு எழுதுறீங்க. கறிச் சட்டிக்கு மட்டும் எழுத மாட்டீங்களா? எங்க அந்த டயறி?"

"கோட்டுப் பையிலதான் இருக்கு."

"எடுங்க. பக்கத்துக்கு நடுவுல ஒரு கோடு இழுங்க. அந்தப் பக்கம் தோட்டம். இந்தப் பக்கம் வீடு. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க."

அவர் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார். பெரட்டுக்குப் போகும் முன் மாடு கறக்க வேண்டும். அதற்கும் முன் அடுப்பு மூட்ட வேண்டும். அடுப்பு மூள வேண்டுமென்றால் முதல்நாளே விறகைக் கிளறி உள்ளே வைக்க வேண்டும். தவமணிக்குத் தலை பின்ன வேண்டும், கமலிக்குத் தலை பார்க்க வேண்டும். கோழிக்கூடு, உப்பு ஜாடி, துவைக்கிற துணி. வெள்ளிக்கிழமை வீடு மெழுகி விளக்கேற்றுவது. தோட்டத்துப் பாதி இன்னும் காலியாகக் கிடக்க, வீட்டுப் பாதி நிரம்பி ஓரத்தில் ஏறிக் குறுக்காகவும் போனது.

"இன்னும் மத்தியானமே ஆகலியே நாகு. எடமில்லையே."

"அடுத்த பக்கத்துல எழுதுங்க."

அவர் பென்சிலை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "இவ்வளவையும் நீ எதுல எழுதி வச்சிருந்த?"

"நான் எழுதல. அதனாலதான் ஒங்க கண்ணுல படல" என்றாள் அவள். குத்திக் காட்டிச் சொல்லவில்லை. தலையணையைச் சரிசெய்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் முத்துலிங்கம் அந்தப் பக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் உண்ட ஒவ்வொரு சோற்றுக்கும், போட்ட ஒவ்வொரு சட்டைக்கும் பின்னால் ஓர் ஆள் நின்றிருந்தது அப்போதுதான் எழுத்தாகத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் அதைவிட, இப்படி ஒருத்தி தனக்கு வாய்த்தாளே என்ற நினைப்புத்தான் பெரிதாக நின்றது.

டயறி வீட்டுக்குள் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. கவ்வாத்துக்குக் கணக்குப் போடுகிற மாதிரியே மனுஷன் வீட்டுக்கும் போட்டார். எழுந்ததிலிருந்து படுக்கும்வரை மூச்சுவிட இடமில்லாமல் எழுதினார். ஒன்று தவறினால் அதன் பின்னால் எல்லாம் சரிந்தது. கோடு விழாத வேலைகள் பக்கத்துக்குப் பக்கம் ஏறி மலையாகக் குவிந்தன. அடுத்த ஞாயிறு நாகலெட்சுமி டயறியை வாங்கிப் புரட்டினாள்.

"இது என்னங்க, லொறியில மூட்டை அடுக்குன மாதிரி? வியாழக்கிழமைய வெறுமையா விடுங்க."

"வெறுமையாவா? பெரட்டு இல்லையா, ரவுண்டு இல்லையா?"

"அது எப்பவும் உள்ளது. அதுக்கு மேல ஒண்ணும் எழுதாதீங்க. காய்ச்சல் வரும், மழை வரும், ஒறம்பரை வரும். அதுங்க எல்லாம் ஒங்க டயறியக் கேட்டுக்கிட்டா வருது? அதுங்களுக்கும் ஒரு நாள் வேணும்ல?"

அவர் தலையாட்டினார். அவள் விடவில்லை. "அப்பறம், எல்லா வேலைக்கும் நேரா ஒங்க பேரு மட்டுமே இருக்கு. தவறணை வேலைய சிவசாமி கங்காணிக்குப் பிரிச்சுக் குடுக்கிறீங்கள்ல? வீட்டு வேலைக்கு ஆளு இல்லையா? கமலிய ராசம்மாகிட்ட விடுங்க."

ராசம்மா, ஆட்கள் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள். முத்துலிங்கம் தயங்கினார். உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளையை லயத்துத் தொழிலாளர் பிள்ளைகளோடு விடுவது வழக்கமில்லை. மற்ற உத்தியோகத்தர்கள் என்ன சொல்வார்கள்?

"அங்க கெடக்கிறதும் பிள்ளைங்கதாங்க" என்றாள் நாகலெட்சுமி.

திங்கட்கிழமை காலையில் கமலியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் பிள்ளைக்காம்பரா வாசலில் போய் நின்றார். ராசம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பதறி வந்தாள்.

"ஐயா, சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்து தூக்கிட்டு வந்திருப்பேனே. அம்மா விழுந்த அன்னிக்கே கேக்கணும்னு நெனச்சேன். ஒங்க வீட்டுப் பிள்ளைய எப்பிடிக் கேக்கிறதுன்னு பயந்துட்டேன்."

கமலி அவர் கையை உதறிவிட்டு உள்ளே ஓடினாள். அன்று மாலை ஒரு வாரத்துப் பசியோடு சோறு தின்றாள். கையில் ஈர்க்குச்சியால் செய்த ஒரு பொம்மை இருந்தது.

அதன் பிறகு டயறியின் வீட்டுப் பாதியில் வேறு பெயர்களும் ஏறின. பகலில் கமலி, ராசம்மா. கோழியும் உப்பும், தவமணி. சாமான் சிட்டையை லொறிக்காரரிடம் கொடுத்துவிட்டால் இப்றாஹிம் நானாவே கட்டி அனுப்பிவிடுவார். கேட்கப்போனபோது நானா, "இத முந்தியே சொல்லப்படாதா கண்டாக்கையா? கடைப் பையன் சும்மாதானே இருக்கான்" என்று கடிந்துகொண்டார். பிள்ளைகளுக்கென்று பொட்டலத்துக்குள் ஒரு பிடி பேரீச்சம்பழமும் எப்போதும் கிடந்தது.

சித்திரை பிறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு புதன்கிழமை பின்னேரம் இடியும் காற்றுமாக மழை அடித்தது. தவறணைப் பந்தல் பாதிக்கு மேல் பிய்த்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. வானம் வெளுத்து மறுநாள் வெயில் ஏறினால் இளந்தண்டுகள் கருகிவிடும். முத்துலிங்கம் நனைந்த கையோடு டயறியைத் திறந்தார். வியாழக்கிழமைப் பக்கம் வெள்ளையாக இருந்தது. அவரை அறியாமலே, "நாகு, நல்லா இருப்பே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

விடிவதற்குள் சிவசாமி தன் ஆட்களோடு வந்துவிட்டார். துரையிடம் கேட்டு இன்னும் கொஞ்சம் ஆள் சேர்த்துக்கொண்டார்கள். காட்டோரத்தில் கம்பு வெட்டி, பெரணித் தழை அறுத்துச் சுமந்து, வெயில் உறைக்கும் முன் பந்தலை மூடினார்கள். கீழ்மூலைப் பாத்தி ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. மண்ணோடு போய்விட்டது. மற்றதெல்லாம் தப்பியது. தவமணி பள்ளிக்கூடம் விட்டு நேரே ராசம்மாவிடம் போய்விட்டாள். அவர் இருட்டும் நேரத்தில் சேறும் சகதியுமாக வந்தபோது, இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டு முகம் கழுவி இருந்தார்கள். அவருக்கும் ஒரு தட்டில் ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருந்தது.

சித்திரை பிறந்து ஒரு வாரத்தில் நாகலெட்சுமிக்குக் கட்டு அவிழ்த்தார்கள். கூட்டிவரப் போன அன்று முத்துலிங்கம் அந்த வார்டுத் தாதியிடம் கை கூப்பி, தெரிந்த சிங்களத்தில் நன்றியாக, "பொஹொம ஸ்தூதியி நோனா" என்றார். அவள் சிரித்துக்கொண்டு நாகலெட்சுமியின் கன்னத்தைத் தட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விருந்து. சிவசாமி குடும்பமும் ராசம்மாவும் வந்தார்கள். நானா கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். நாகலெட்சுமி ஊன்றுகட்டையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட, முத்துலிங்கம் சமைத்தார். பருப்பில் உப்பு கொஞ்சம் தூக்கல்தான். யாரும் சொல்லவில்லை. ராசம்மா வழக்கம்போல வாசலுக்கு வெளியே குந்தப் போனாள்.

"உள்ள வாங்க ராசம்மாக்கா" என்றார் முத்துலிங்கம்.

அக்கா என்ற சொல்லில் எல்லோரும் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் சட்டியைக் கீழே வைத்தார். "எனக்குப் பேசத் தெரியாது. இந்த மூணு மாசம் நீங்க எல்லாரும் இல்லேன்னா நான் இல்ல. பிள்ளைங்க இல்ல. தவறணையும் இல்ல."

"என்னங்கய்யா, பெரிய பேச்செல்லாம் பேசுறீங்க" என்று ராசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"எலும்பு முறிஞ்சவளுக்கு ஒரு வார்த்தை இல்லையா?" என்றாள் நாகலெட்சுமி. எல்லோரும் சிரித்தார்கள். முத்துலிங்கம் அவள் தட்டில் இன்னொரு அகப்பை சோறு வைத்தார்.

மறுநாள் விடியலில் அவர் அடுப்பை மூட்டியபோது, கட்டை தட்டும் சத்தத்தோடு அவள் வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு என்னென்ன? வாசிங்க."

அவர் டயறியை வெளிச்சத்துக்குப் பிடித்து வாசித்தார். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"தலை பின்னுறது எனக்கு. அரிசி களையுறதும் எனக்கு, உக்காந்துகிட்டே செய்யலாம். மாடு?"

"மாடு எனக்கு. கால் நல்லா ஆனாலும் எனக்குத்தான். விறகும் எனக்கு" என்றார் அவர்.

அவள் கையை நீட்டிப் பென்சிலை வாங்கி, தலைப் பின்னலுக்கும் அரிசிக்கும் நேரே தன் பெயரைத் தானே எழுதினாள். அவர் செம்பை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்கு இறங்கினார். வெளியே குளிர் இருந்தது. மாடு அவரைப் பார்த்துத் தலையை ஆட்டியது.