மணி அடிக்க வேண்டிய போன்

முதலில் யார் யார் இருந்தோம், எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சுவரோர சோபாவில், முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்தபடி என் தம்பி. அவன் காலடியில், தரையில், அவன் மனைவி. ஜன்னல் கட்டையில் ஒரு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்கள் பெரியம்மா மகன். ஆள் நெட்டை, போதாததற்கு எந்நேரமும் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடுவார். அதனால் எங்கள் எல்லோருக்கும் அவர் ஆன்டெனா அண்ணன். அவன் அக்காவான நான், தம்பி சோபா உறை தைக்கிற மெஷினுக்கு முன்னால், ஸ்டூலில். மெஷின் பலகையின் மேல், எல்லோர் கண்ணுக்கும் நடுவில், தம்பியின் பழைய பட்டன் போன்.

அந்த போனுக்குச் சாவு தேதி குறித்துவிட்டார்கள். பழைய டவர்களை மூடப்போகிறோம், மாதக் கடைசிக்குப் பிறகு சாதா போன்கள் வேலை செய்யாது என்று கம்பெனியிலிருந்து செய்தி வந்திருந்தது.

வேறு வீடாக இருந்தால் ஒரு கடைக்குப் போய் ஒரு போனை வாங்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். எங்களால் முடியாது. தம்பிக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. வாரம் மூன்று முறை பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் டயாலிசிஸ். காத்திருப்போர் வரிசையில் அவன் பெயர் ஏறியிருக்கிறது. பொருந்துகிற கிட்னி கிடைத்தால் பதிவான நம்பருக்குக் கூப்பிடுவார்கள். எடுத்து, வருகிறேன் என்று சொல்லவேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பதிவு செய்ய ஒரு நம்பருக்குத்தான் இடம். அது இந்த நம்பர்.

"பச்சைக் கம்பெனியில ஒரு பிளான் வந்திருக்கு" என்று ஆரம்பித்தார் ஆன்டெனா அண்ணன். "கண்ணு வலிக்கிற வரைக்கும் படம் பாக்கலாம்."

"எனக்குப் படம் வேண்டாம்ணே. மணி அடிச்சா போதும்."

"மணி அடிக்கிறதுக்குன்னு ஒரு பிளானும் எவனும் போடலையேடா. பள்ளிக்கூடத்துலதான் போய்க் கேக்கணும்."

தம்பி மனைவி சிரிக்கவில்லை. "டேட்டா கெடக்கட்டும். ரீசார்ஜ் மறந்துட்டா வர்ற காலும் நின்னுடுமாமே, அதைச் சொல்லுங்க அண்ணே."

அதுவும் உண்மைதான். மாதாமாதம் கட்டுகிற மலிவுப் பிளான்களை அப்போதே ஒதுக்கிவிட்டோம். வருஷத்துக்கு ஒரேயடியாகக் கட்டுவது, நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றுவது என்று முடிவானது. எந்தக் கம்பெனி என்பதுதான் பாக்கி.

எதையும் வாய்வார்த்தையாக நம்பிப் பழக்கமில்லை எனக்கு. ஒரு பார்சல் கம்பெனியில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறேன். தொலைந்த பெட்டியைப் பற்றி எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீடுகளில் பச்சை, மஞ்சள், ஊதா என்று மூன்று கம்பெனி போன்களையும் இரவல் வாங்கினோம். அறை அறையாக நடந்து பார்த்தோம். சமையலறை, குளியலறை, தம்பி படுக்கிற மூலை. பிறகு அவற்றைப் பைக்குள் போட்டுக்கொண்டு டயாலிசிஸுக்கும் போனோம். பச்சை அடித்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டிலேயே மயங்கி விழுந்தது. மஞ்சள் அங்கே தாக்குப்பிடித்தது, ஆனால் எங்கள் சமையலறையில் பேச்சு துண்டு துண்டாக வந்தது. ஊதா மட்டும் எங்கே வைத்தாலும் மணி அடித்தது. டயாலிசிஸ் மெஷினோடு குழாயால் கட்டப்பட்டுக் கிடந்தபடி தம்பி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

போன் வாங்கியதும் அப்படித்தான். கடைப் பெண் எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் இருந்தவற்றையெல்லாம் கண்ணாடி மேல் வரிசையாக வைத்தாள். ஆன்டெனா அண்ணன் ஒன்றைத் திருப்பிப் பார்த்து, "பின்னாடி நாலு கேமரா இருக்குடா இதுல" என்றார்.

"ரெண்டு கிட்னிக்கே வழியில்ல. நாலு கண்ணை வச்சு நான் என்ன பண்ண?"

கடைப் பெண் சிரிப்பதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள். ஒவ்வொரு போனையும் அடிக்கவிடச் சொன்னேன். தெருவில் இறங்கி, எதிர்ச் சாரியில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பஸ் சத்தத்தை மீறி எது கேட்கிறதென்று பார்த்தேன். ஒன்று கேட்டது. கேமரா சுமார், பேட்டரி பெரிது, தொண்டை பெரிது. அதையே வாங்கினோம். ஆஸ்பத்திரியின் மூன்று நம்பர்களையும் அதில் நானே ஏற்றினேன்.

இதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தோம். இனிமேல்தான் நடக்கக்கூடாதது நடந்தது.

புது போன் நன்றாக அடித்தது. நாளெல்லாம் அடித்தது. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா, காப்பீடு வேண்டுமா. பழைய போனுக்கும் இவை வந்தன. ஆனால் அது முனகும், இது அலறியது. ஒவ்வொரு அலறலுக்கும் தம்பி படுக்கையிலிருந்து தூக்கிவாரிப்போட்டு எழுவான். பாய்ந்து எடுப்பான். மறுமுனையில் ஒரு பெண் தேன் ஒழுகக் கடன் தருவதாகச் சொல்வாள். இவன் மெதுவாக வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான்.

"அண்ணி, ஒவ்வொரு மணிக்கும் இவர் உயிர் ஒரு தடவை போயிட்டு வருது" என்றாள் தம்பி மனைவி. "இந்த ஊதா பிளான்லயே தொல்லை காலைத் தடுக்கிற வசதி இருக்காம். செய்தி வந்திருக்கு. போட்டுடவா?"

"ஆஸ்பத்திரி காலும் நின்னுட்டா?"

"நாம சேவ் பண்ணி வச்ச நம்பர் எல்லாம் வருமாம். தெளிவா போட்டிருக்கான்."

வாங்கிப் படித்தேன். தெளிவாகத்தான் போட்டிருந்தது. தம்பியும் தலையாட்டினான். அவள் அழுத்தினாள்.

வீட்டில் ஒரு அமைதி வந்தது. தம்பி பகலில் தூங்கினான். ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து, பாதியில் கிடந்த ஒரு சோபா உறைக்கு ஓரம் கூடத் தைத்தான். அவன் மனைவி வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டாள். நல்ல போன், நல்ல பிளான் என்று ஆன்டெனா அண்ணன் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

பிறகு ஒரு மதியம் டயாலிசிஸ் முடிந்து வந்த தம்பி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. போனை என்னிடம் நீட்டினான்.

"அக்கா, நர்ஸம்மா கேக்குறாங்க. ஏன் வேண்டாம்னுட்டீங்கன்னு."

"எதை?"

"வந்துச்சாம் எனக்கு. மூணு தடவை கூப்பிட்டாங்களாம். நான் எடுக்கவே இல்லையாம்."

அவன் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. போனை வாங்கித் துழாவினேன். தடுக்கப்பட்ட அழைப்புகள் என்று ஒரு மூலை இருந்தது. நீளமாக ஓடியது. கடன், கடன், மனை, கடன். நடுவில், செவ்வாய்க்கிழமை காலை, ஒரே நம்பர் மூன்று தடவை. அதன் கீழே மறுபடி கடன். நான் ஏற்றிவைத்த மூன்று நம்பர்களில் அது இல்லை. மாற்று சிகிச்சைப் பிரிவுக்குப் புது லைன் போட்டிருக்கிறார்களாம், பிறகு தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் மூன்று பேரும் வீட்டில்தான் இருந்தோம். போன் மெஷின் பலகையில் இருந்தது. சார்ஜ் இருந்தது, சிக்னல் இருந்தது. தம்பி ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். சூடு அதிகம் என்று அவன் மனைவி ஆற்றிக்கொடுத்தாள்.

அவள் வேலை முடிந்து வந்தபோது யார் சொல்வது என்று நானும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவன்தான் சொன்னான். அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டாள். "யாருக்குப் போச்சு?" என்றாள். எங்களுக்குத் தெரியாது. பிறகு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் வெகுநேரம் வந்தது.

மறுநாள் காலை அந்த நம்பருக்கு நானே கூப்பிட்டேன். பேசிய அம்மாள் கடுமையாகப் பேசவில்லை. ஆனால் நேராகப் பேசினார். கூப்பிட்டு எடுக்காதவர்களின் பெயரை நிறுத்திவைப்பது வழக்கம். இவர் பெயரும் நிறுத்தப்பட்டிருக்கிறது. குழு கூடித்தான் திரும்பச் சேர்க்கமுடியும். "காரணத்தை எழுத்துல குடுங்க. இனிமே எப்படித் தொடர்பு கொள்ளலாம்னும் எழுதுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கைக்கு வரணும். போன்ல சொன்னா நான் போய் அங்க பேச முடியாதும்மா."

ஆக, மெஷின் பலகையைத் துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். தடுப்பு வசதியை எடுத்துவிட்டோம். போன் பழையபடி அலறத் தொடங்கியிருந்தது. தம்பி மனைவி வேலைக்குப் போகாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"டவர் கோளாறுன்னு எழுது தங்கச்சி" என்றார் ஆன்டெனா அண்ணன். "ஊதாக்காரன் வந்து உன்கிட்ட சண்டைக்கா நிக்கப் போறான்?"

"டவர் கோளாறுன்னா, இந்த ஆளைக் கூப்பிட்டா கிடைக்காதுன்னு முடிவு பண்ணிடுவாங்கண்ணே. எடுத்தவுடனே தள்ளி வச்சிடுவாங்க. நானே தினமும் அப்படித்தான் தள்ளி வைக்கிறேன்."

போன் அடித்தது. அவள் முதல் மணி முடியுமுன் எடுத்தாள். "ஹலோ, சொல்லுங்க." கேட்டாள். "வேண்டாங்க." வைத்தாள்.

"என் பேரைப் போட்டு எழுதுங்க அண்ணி. நான்தான் அழுத்தினேன்னு எழுதுங்க. அவர் மேல தப்பில்லன்னு தெரிஞ்சா சேத்துக்குவாங்கல்ல?"

"அதை எழுதினா நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றான் தம்பி.

"போடாம?"

"போடாம செத்துப்போறேன், போ."

அவர்களுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அவன் அவளிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அப்போதும் அது உயரவில்லை. உயர்த்த அவனிடம் பலம் இல்லை. கால்கள் வீங்கிக் கிடந்தன. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. அவள் அந்தக் காலைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு கை அதில், ஒரு கை போனில்.

போன் மறுபடி அடித்தது. "ஹலோ, சொல்லுங்க. இல்லைங்க, மனை வேண்டாம்."

ஆன்டெனா அண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புகார்க் கடிதங்களை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. முதல் மூன்று வரி, கடைசியில் கையெழுத்து, அவ்வளவுதான். அதனால் வணக்கத்துக்கு அடுத்த வரியிலேயே எழுதினேன்:

'என் தம்பி வேண்டாம் என்று சொல்லவில்லை. தங்கள் அழைப்பு வந்தது அவனுக்குத் தெரியவே தெரியாது. கடன் விற்பவர்களைத் தடுக்க நாங்கள் வைத்த வசதி, தங்கள் புதிய எண்ணையும் அவர்களுடையதாக நினைத்து, மணி அடிக்காமலே ஒதுக்கிவிட்டது. அதைப் போட வீட்டில் எல்லோரும் சம்மதித்தோம்.'

பிறகு, தடுப்பை எடுத்துவிட்டதை எழுதினேன். என் ஆபீஸ் நம்பர், ஆன்டெனா அண்ணன் நம்பர், தம்பி மனைவி வேலை செய்யும் இடத்து மேலாளர் நம்பர், மூன்றையும் எழுதி, இவற்றில் எதை அழைத்தாலும் அவன் வந்துசேர்வான் என்றேன். படிவத்தில் இடமில்லாவிட்டால் ஓரத்திலாவது குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். கடைசியில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஆபீஸில் இந்த இடத்தில் 'வருந்துகிறோம்' என்று போடுவோம். கை அங்கேயே நின்றது. 'அவனுக்கு வயது முப்பத்து நான்கு' என்று எழுதி முடித்தேன்.

படித்துக் காட்டினேன். தம்பி "எல்லோரும்" என்ற வார்த்தையைத் திரும்பப் படிக்கச் சொன்னான். கேட்டுவிட்டுக் கையை நீட்டினான். அவள் அவன் விரல்களில் பேனாவைப் பிடிக்கவைத்தாள். கையெழுத்து கோணலாக விழுந்தது. போன் அடித்தது, எடுத்தாள், வேண்டாங்க என்றாள்.

கடிதத்தை மடித்து உறையில் வைத்து, விரலைத் தண்ணீரில் தொட்டு ஒட்டினேன். ஓரம் பிரிந்துவிடக்கூடாதென்று பசையும் தடவினேன். ஆன்டெனா அண்ணன் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"கையிலதான் குடுக்கணும்ணே. வாசல்ல வாங்கி வச்சுக்கறோம்னு சொன்னா விட்டுட்டு வந்துடாதீங்க."

"அவங்க வாங்கற வரைக்கும் நகரமாட்டேன்" என்றார். பைக் தெருமுனை திரும்புகிற வரை நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே போன் அடித்தது. முதல் மணியிலேயே அவள் எடுத்துவிட்டாள்.