சுண்டுவிரலுக்கு இடமில்லை

வரப்புத் தகராறில் உயிருக்கு ஆபத்து என்று மனுப் போட்டு, பாகூர் புகழ்வேந்தன் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கினான். இடுப்பில் செருகினால் சட்டைக்கு மேல் துருத்தக் கூடாது என்று, இருப்பதிலேயே சிறிய துப்பாக்கியாகப் பார்த்து எடுத்தான். சுட்டுப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. கைப்பிடி குட்டை. அவனுடைய தடித்த விரல்களில் இரண்டுதான் அதைச் சுற்றிப் பிடித்தன. சுண்டுவிரல் இடமில்லாமல் கீழே தொங்கியது. ஒவ்வொரு தடவையும் துப்பாக்கி கைக்குள் புரண்டு, கட்டைவிரல் இடுக்கைக் கிழித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கரும்புக் கொல்லை மோட்டார் கொட்டகையருகே, சுவர்மேல் வைத்த இளநீரை அவன் குறிபார்த்தான். கூட்டாளிகளும் தம்பி ராஜேஷும் வேடிக்கை பார்த்தார்கள். இளநீர் அசையவே இல்லை. மனைவி தனக்கொடி இட்லித் தூக்கோடு வந்தபோது, அவன் கையை உதறிக்கொண்டிருந்தான்.

"ஒங் கைக்கு இது பொம்மை மாரி கீதுண்ணே," என்றான் ராஜேஷ். "அண்ணிகிட்ட குடுத்துப் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். புகழ்வேந்தனும் சிரித்தபடி நீட்டினான்.

"எனக்கு வேணாங்க."

"புடிடி. இன்னா பயம்?"

பிடித்தாள். சுண்டுவிரல்வரை அத்தனை விரலும் கைப்பிடியில் அடங்கின. அவளுக்கென்றே அளவெடுத்துச் செய்தது போலிருந்தது. கணவன் சொன்னபடி விசையை அழுத்தினாள். இளநீர் பிளந்து தண்ணீர் தெறித்தது. கூட்டாளிகள் கைதட்டினார்கள். தனக்கொடி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் எதிரில் அப்படிச் சிரித்ததில்லை. அவனும்தான் கைதட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினான்.

"கைய நீட்டு."

நீட்டினாள். அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான்.

"புடிக்க எப்படி இருந்துச்சு?"

குரல் அவ்வளவு இதமாக இருந்ததால் அவள் உண்மையைச் சொன்னாள். "நல்லா வாட்டமா இருந்துச்சுங்க."

சுண்டுவிரலைப் பின்பக்கமாக வளைத்தான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

"இப்ப நீயும் என்ன மாரியே புடி," என்றான்.

ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டிப் போனது ராஜேஷ். எப்படி அடிபட்டது என்று டாக்டர் அவளைத்தான் கேட்டார். அவள் பேச வாயெடுக்குமுன் ராஜேஷ் முந்திக்கொண்டான்.

"கார் கதவுல வச்சி நசுக்கிக்கிச்சு டாக்டர்."

தனக்கொடி அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"அப்படியாம்மா?" என்றார் டாக்டர்.

"ஆமாங்க."

மறுநாள் மதகடிப்பட்டிலிருந்து அவளுடைய அம்மா ஓடிவந்தாள். மாமியார் எதிரில், மருமகன் ரசஞ்சோற்றைக் கரையப் பிசைந்து, பொறுக்கும் சூடா என்று உதட்டில் வைத்துப் பார்த்து, மனைவிக்கு ஊட்டினான். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எந்த ஆம்பள இப்படிப் பாப்பான்? குடுத்து வச்சவடி நீ."

அம்மாவிடம் சொல்லிவிடத்தான் தனக்கொடி வாயைத் திறந்தாள். அதில் அவன் அடுத்த கவளத்தை வைத்தான்.

"மென்னு முழுங்கு," என்றான் அன்பாக.

முழுங்கினாள்.