லொரீன் கணவாய் ஏறுகிறாள், பின்னால் மஞ்சள் விளக்கு

1

இந்தக் கதை எனக்கு ரோட்டில் கிடைத்தது. ரோட்டில் கிடப்பதையெல்லாம் எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். ஆனால் லொரீன் தன் பழைய வேனில் ஒரு குட்டி டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு கணவாய் ஏறுகிறாள். அவளுக்குப் பின்னால் ஓர் இழுவை வண்டி மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு ஊர்கிறது. அதற்கும் பின்னால் என் கார். முந்திப்போக வழியில்லை. கதை யோசிப்பதைத் தவிர வேறு என்ன செய்வது, சொல்லுங்கள்.

வாஷிங்டன் மாநிலத்தில், கோதுமை வயல் முடிந்து மலை தொடங்குகிற ஊர் எங்களுடையது. நான் அந்த ஊர்ப் பள்ளியில் பதினெட்டு வருஷமாய்க் கணக்கு வாத்தியார். லொரீன் அதே பள்ளியின் சமையலறையை ஆண்டவள். (‘நடத்தியவள்’ என்றுதான் முதலில் எழுதினேன். அவள் கையால் சாப்பிட்டவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.)

2

தொடக்கத்துக்கு என்னென்னவோ எழுதிப் பார்த்தேன்.

“மலை உச்சியில் மேகம் மெல்லத் தன்—” வேண்டாம். மேகத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

“தனிமையில் வாடிய அந்தப் பெண்—” இதைப் படித்தால் லொரீன் கரண்டியோடு வீட்டுக்கே வந்துவிடுவாள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். கணவாய்க்கு அந்தப் பக்கம் ஏரிக்கரை முகாமைப் பார்த்துக்கொள்ளும் வேலை லொரீனுக்குக் கிடைத்திருக்கிறது. டிரெய்லர்தான் இனி அவள் வீடு. வேன் கிழடு, அதன் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸோ இதுவரை யாரும் பிரித்துப் பார்க்காதது. அதில் அவளுக்கு இருக்கிற பெருமை, பெற்ற பிள்ளைகள்மேல்கூட இல்லை. ஏற்றத்தில் பாரம் இழுத்தால் கியர் எண்ணெய் கொதிக்கும், கொதித்தால் கருகும், கருகினால் பெட்டியே போச்சு. வழியில் வேன் படுத்துவிட்டால் தூக்க வருவதற்கு அந்த மலையில் ஒரே ஒரு இழுவை வண்டிதான் உண்டு.

அது கிளைடுடையது. கிளைட் அவளுடைய முன்னாள் கணவன்.

புரிகிறதல்லவா? கியர்பாக்ஸ் போனால், அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஊர்க் கடைத்தெரு வழியாக அவள் திரும்பி வர வேண்டும்.

3

கிளைடை எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. வில்லன் என்று வைத்தால் சுலபம். முந்தின நாள் ஊர்க் காப்பிக் கடையில், எல்லார் காதிலும் விழும்படி அவன் பேசினதும் வில்லன் பேச்சுதான்.

“உச்சிக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணுவா பாரு. கொக்கிக்கு எண்ணெய் போட்டு வச்சிருக்கேன்.”

“உன் நம்பரை அழிச்சு ரொம்ப நாளாச்சு” என்றாள் லொரீன், தலையைக்கூடத் திருப்பாமல். “என் வண்டிக்குத் தனியா எண்ணெய் கூலர் போட்டிருக்கேன். சூடு பார்க்க முள்ளு வச்சிருக்கேன். ஓவர்டிரைவ்ங்கிற வேக கியரை அணைச்சுட்டு ஏறுவேன். உனக்கு வேலை இருக்காது. வீட்ல தூங்கு.”

“பார்ப்போம் மகராசி.”

ஆனால் ரோட்டில், அவனுக்குப் பின்னால் இருந்துகொண்டு நான் பார்த்தது வேறு. மஞ்சள் விளக்கைப் பார்த்ததும் வரிசையில் எல்லாரும் தள்ளியே வந்தோம். லொரீனின் முதுகில் ஒருவரும் முட்டவில்லை. அவன் அவளைக் கேலி செய்ய வந்தானா, காவலுக்கு வந்தானா? இரண்டு நாளாக யோசித்தும் பிடிபடவில்லை. அவனையே கேட்டாலும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

4

(இனி நான் பார்க்காதது. வேனுக்குள் போகிறேன்.)

லொரீனின் பக்கக் கண்ணாடியில் அந்த விளக்கு சுற்றிக்கொண்டே இருந்தது. காலை லேசாக வைத்து, சின்ன கியரில், மெல்லத்தான் ஏறிக்கொண்டிருந்தாள். முள் அடங்கி நின்றது. ஆனால் எவ்வளவு நேரம்தான் பொறுப்பது? இந்தச் சனியனை உதறிவிட வேண்டும் என்று வீம்பு வந்தது. பெடலை மிதித்தாள். இஞ்சின் கத்தியது, முள்ளும் கூடவே ஏறியது.

நிற்க வேண்டும். நின்றால் கிளைடும் பின்னால் நிற்பான். கடந்து போகிற ஊர் மொத்தமும் அவளையும் இழுவை வண்டியையும் ஒன்றாகப் பார்க்கும். நிற்காவிட்டால் எண்ணெய் கருகும். மானமா, கியர்பாக்ஸா?

லொரீன் ஒதுங்கி நின்றாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

5

நாங்கள் வரிசையாகக் கடந்து போனோம். நான் பார்த்தது இவ்வளவுதான்: இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பானெட் மூடியிருந்தது, இடுப்பில் கைவைத்து அவள் நின்றிருந்தாள், கிளைட் தன் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். பிறகு வளைவு வந்துவிட்டது. கதை எனக்குப் பின்னால் நின்றுபோயிற்று.

அவர்கள் பேசியதை நானே எழுத வேண்டியதாயிற்று.

“என்ன தாயே, படுத்துருச்சா?”

“நியூட்ரல்ல ஓடிட்டிருக்கு, காது கேக்கலையா? எண்ணெய் ஆறட்டும்னு நிக்கிறேன்.”

“அணைச்சுட்டா சீக்கிரம் ஆறுமே.”

“என்கிட்டயே போட்டு வாங்குறியா? அணைச்சா எண்ணெய் கூலருக்குள்ள சுத்தாது. இருபது வருஷம் நீ புலம்பினதைக் கேட்டவ நான்.”

கிளைட் சிரித்துவிட்டான். (சிரித்திருப்பானா? அந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.)

“கிளம்பு” என்றாள். “நீ முன்னால போ. நீ பின்னால வந்தா என் காலு தானா மிதிக்குது.”

“நான் முன்னால போனா உன்னை இழுத்துட்டுப் போறேன்னு ஊரே நினைக்கும்.”

“நினைச்சுட்டுப் போகட்டும். யார் இழுக்கிறாங்கன்னு என் கியர்பாக்ஸுக்குத் தெரியும்.”

6

முடிவுக்கு மூன்று கைவசம் உண்டு.

கியர்பாக்ஸ் கருகுகிறது. முடியாது. கை வரவில்லை.

கிளைடின் வண்டி படுத்துவிட, லொரீன் அதை இழுத்துக்கொண்டு உச்சிக்கு வருகிறாள். கைதட்டு நிச்சயம். ஆனால் அவ்வளவு பாரத்தைக் கட்டினால் அவள் கியர்பாக்ஸ் என்ன கதியாகும்? நான் எழுதினாலும் அவள் சம்மதிக்க மாட்டாள்.

மலைக்காற்றில் பழைய அன்பு மீண்டும்—

வேண்டாம்.

7

உச்சியில் ஒரு காப்பிக் கடை இருக்கிறது. வேலையாய் அந்தப் பக்கம் போக வேண்டிய நான் அங்கேயே நின்றேன். கடந்து வந்த மற்றவர்களும் ஒவ்வொரு சாக்குச் சொல்லி நின்றார்கள். காப்பி ஆறிப்போனது, யாரும் குடிக்கவில்லை.

கீழே வளைவில் வெளிச்சம் தெரிந்தது. மஞ்சள் விளக்கு. முன்னால் வந்தது அதுதான்.

“அவ்வளவுதான், கொக்கியில மாட்டிட்டான்” என்றார் ஒருவர். இன்னொருவர் தொப்பியைக் கழற்றினார்.

அந்த விளக்கை முதலில் பார்த்துவிட்டுத்தான் ஐந்தாம் பகுதிப் பேச்சை எழுதினேன் என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. ‘நீ முன்னால போ’ என்று அவள் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் ஆசை.

விளக்குக்குப் பின்னால் டிரெய்லரின் வெள்ளைக் கூரை தெரிகிறது. இடையில் இருப்பது கொக்கியா, வெறும் ரோடா என்பதைப் பாறை மறைக்கிறது. ஆனால் மலையில் சத்தத்தை மறைக்க முடியாது. கொக்கியில் தொங்குகிற வண்டிக்குச் சத்தம் கிடையாது.

நான் கேட்டுவிட்டேன். கேட்டதும் கடைக்குள் ஓடி லொரீனுக்கு ஒரு சூடான காப்பி சொன்னேன். அது ஆறுதலுக்கா, கொண்டாட்டத்துக்கா என்று கேட்காதீர்கள்.

பேச்சை நிறுத்துகிறேன். நீங்களே காதைக் கொடுத்துக் கேளுங்கள்: ஏறி வருவது ஒரு இஞ்சினா, இரண்டா?